தேசி இலையில் வெள்ளிக் கோடு

மாரி மழை விழுந்து சில நாள் கழிய, வன்னி வளவுகளில் கிணற்றடித் தேசி மரம் வெளிர்பச்சையாய்க் குருத்து விடும். அடுத்த கிழமை பார்த்தால் குருத்தெல்லாம் சுருண்டு, நத்தை ஊர்ந்த தடம்போல வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து கிடக்கும். "மரத்துக்கு நோய் பிடிச்சிட்டுது" என்பார்கள். நோயல்ல, இலைச்சுரங்க அந்துப்பூச்சியின் வேலை. அறிவியல் பெயர் பைலோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா.

பூச்சி அரிசிமணியிலும் சிறிது. உடல் 2 மில்லிமீற்றர். சிறகை விரித்தால் 4. வெள்ளிச் சிறகின் நுனியில் ஒரு கரும்புள்ளி. பகலில் ஒதுங்கிக் கிடந்து, இருட்டிய பின்தான் வெளிக்கிடும். பெண் பூச்சி இளங்குருத்தில், பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டி, தனித்தனியாக முட்டையிடும். பொரித்த புழு நேரே இலைத்தோலுக்குள் புகுந்து, கலங்களைக் கிழித்துச் சாற்றைக் குடித்தபடி நகரும்.

ஓர் இலையைப் பிடுங்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோட்டின் நடுவே ஓடும் மெல்லிய கருங்கீறல் புழுவின் எச்சம். நூலாகத் தொடங்கும் சுரங்கம் போகப்போக அகலும். அகன்ற முனையில் மஞ்சள் புழு கிடக்கும். நான்காம் பருவத்தில் அது தின்னாது. இலை விளிம்பைப் பட்டு நூலால் மடித்து, அதற்குள் கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து பூச்சி வரை 13 முதல் 52 நாள். வெக்கை கூடக்கூடச் சுற்று விரைவாகும்.

கல்கத்தாவில் பிடித்த பூச்சிகளைக் கொண்டு 1856இல் இதற்குப் பெயரிட்டவர் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஹென்றி ஸ்டெயின்டன். நெடுங்காலம் ஆசியாவின் தோடை, தேசி மரங்களோடு பெரும்பாலும் ஒதுங்கிக் கிடந்த பூச்சி, 1993இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஸ்பெயினிலும் தலைகாட்டியது. சில ஆண்டுகளில் மத்தியதரைக்கடல் நாடுகளும் பிரேசிலும் அதன் கைக்குள். புளோரிடாக்காரர் 1994இல் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழுவின் உடலையே உணவாக்கி வளரும் குளவி அது.

ஆகவே மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டுமுன் ஒருகணம் யோசியுங்கள். தோலுக்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் நஞ்சு எளிதில் எட்டாது. வெளியே திரியும் இத்தகைய குளவிகள்தான் முதலில் சாகும். வளர்ந்த மரம் இந்தச் சேதத்தைத் தாங்கிவிடும். கவனிக்க வேண்டியவை நாற்றுகளும் இளங்கன்றுகளும்தான். கிழிந்த தோல்வழியே சொறிநோய்ப் பற்றீரியாவும் நுழையலாம். யூரியாவை அள்ளிப் போட்டு ஓயாமல் குருத்து வரவைக்காதீர்கள். இலை முற்றிவிட்டால் இந்தப் பூச்சிக்கு அங்கே வேலையில்லை.