வளியிற் பிறக்கும் நீர்

1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கரியர் என்னும் பொறியியலாளர், நியூயோர்க் புரூக்ளினிலிருந்த அச்சகமொன்றுக்காக ஒரு பொறியை வடிவமைத்தார். ஈரத்தாற் கடதாசி விரிந்து சுருங்க, வண்ணங்கள் இடம்மாறிப் பதிந்தன. வளியின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே அப்பொறியின் முதல் நோக்கம். இன்றைய குளிரூட்டிகளும் அத்தொழிலைச் செய்கின்றன. குளிர்ந்த சுருளில் நீராவி ஒடுங்கி, துளித்துளியாய்க் கீழ்த்தட்டில் விழுகின்றது. அந்நீரை வெளியேற்றுவதே வடிகுழாயின் பணி.

குழாய்க்கு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராயினும் சரிவு வேண்டும். ஆயினும் சரிவு மட்டும் போதாது. பெரிய பொறிகள் பலவற்றில் விசிறியானது சுருளினூடாக வளியை இழுப்பதால், தட்டின்மேல் அமுக்கம் குறைகின்றது. வெளிவளி குழாய்வழியே உட்புகுந்து நீரை இறங்கவிடாது தடுக்கும். தட்டு நிரம்பி வழிந்தால், கீழே நூல்நிலையமிருப்பின் நூல்கள் நனையும். வைத்தியசாலையிருப்பின் நோயாளர் துன்புறுவர்.

இதற்குப் பரிகாரம் குழாயில் அமைக்கும் வளைவு. அதில் நிற்கும் நீர் வளியை மறிக்கும். புதிதாய்ச் சேரும் நீரோ வழிந்து செல்லும். விசிறியின் இழுவை மிகுந்தால் வளைவும் ஆழமாதல் வேண்டும். நெடுநாள் ஓய்ந்த பொறியில் வளைவு வற்றிவிடுமாதலால், இயக்குமுன் நீர் வார்த்தல் நன்று. அழுக்கை அகற்றத் திறக்கக்கூடிய மூடியும் அவசியம்.

இறுதியாக, குழாயின் முடிவிடத்தையும் நோக்குங்கள். சுவரடியில் அந்நீர் தேங்கினால், நம் நாட்டில் அது நுளம்புக்குத் தொட்டிலாகும். வடிகானைச் சென்றடையும்வரை குழாயின் வேலை முடிந்ததாகாது.