மனநோயாளிக்குக் கொடுப்பனவு மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

என்னிடம் சாதாரண தரம் வரை படித்த மாணவன் ஒருவனின் உம்மா சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். மகனுக்கு மனச்சிதைவு நோய். பத்து வருடமாகக் கிளினிக் போகிறான். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை.

“வந்த உத்தியோகத்தர் மகனப் பார்த்துட்டு, நல்லாத்தானே இருக்கார் எண்டு சொல்லிட்டுப் போயிட்டார் டீச்சர்.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“பக்கத்து வீட்டாக்களும் நிண்டாங்க. மகளுக்குக் கலியாணம் பேசுற நேரம். சும்மா தலையிடி, நித்திரை இல்ல எண்டு சொன்னேன்.”

கால் இல்லாதவரின் குறை கண்ணுக்குத் தெரியும். மனநோய் தெரியாது. ஊருக்கு மறைப்பதை உத்தியோகத்தருக்கும் மறைத்துவிட்டால், அவருடைய அறிக்கையில் நோயே இருக்காது.

சட்டம் மனநோயாளிகளை ஒதுக்கவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், உடல் ஆற்றல் குறைந்தவரோடு உள ஆற்றல் குறைந்தவரையும் சேர்த்தே வரைவிலக்கணம் செய்கிறது. வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்ற முடியாமையே அதன் அளவுகோல். ஆகவே நோயின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அந்த நோயால் எதைச் செய்ய முடியவில்லை என்பதை எழுத வேண்டும்.

மறுக்கப்பட்டவர்கள் செய்யக்கூடியவை இவை.

முதலில், மறுத்த காரணத்தையும் மேன்முறையீட்டுக்கான இறுதித் திகதியையும் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். காரணம் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, மனநல வைத்தியரிடம் விரிவான கடிதம் பெறுங்கள். நோய் தொடங்கிய காலம், வார்டில் தங்கிய தடவைகள், மருந்துகள், தொழில் செய்ய முடியாத நிலை, தினமும் ஒருவர் கூட இருக்க வேண்டிய தேவை ஆகியவை அதில் இருக்கட்டும். கிளினிக் கொப்பியின் பிரதியையும் இணையுங்கள்.

மூன்றாவது, வீட்டார் இரண்டு வாரத்துக்குக் குறிப்பு எழுதுங்கள். சொல்லாமல் குளித்தானா? மருந்தை யார் கொடுத்தது? எத்தனை இரவு விழித்திருந்தான்? கடைக்குத் தனியே போய் மிச்சக் காசை எண்ணி வாங்கி வந்தானா? நல்ல நாளையும் மறைக்காமல் எழுதுங்கள். இந்த நோய் கூடிக் குறையும் என்பதற்கு அதுவே சாட்சி. உத்தியோகத்தர் பார்த்தது அப்படியொரு நல்ல நாளாக இருக்கலாம்.

நான்காவது, மேன்முறையீட்டை நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மீண்டும் விசாரிக்க வந்தால், “தனியாகப் பேச வேண்டும்” என்று கேளுங்கள். அலுவலகத்துக்கே போய்ப் பேசவும் கேட்கலாம்.

அதன்பின்னும் அநீதி நடந்ததாகக் கருதினால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். அதற்குத் தாமதிக்காதீர்கள்.

2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இந்தக் கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கிளினிக்குக்குப் போய்வர ஆட்டோவுக்குக் கடன் கேட்கும் வீட்டுக்கு அது சிறிய தொகை அல்ல.

நானும் அந்த உம்மாவும் இரண்டு மாலை உட்கார்ந்து மேன்முறையீட்டை எழுதினோம். “சாப்பாட்டை ஊட்டினால்தான் சாப்பிடுகிறான்” என்ற வரியை எழுதும்போது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உண்மதானே டீச்சர், எழுதுங்க” என்றார்.

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் நடப்பது முதல் தடவையாக ஒரு கோப்பில் பதிவாகியிருக்கிறது.