மோயாற்றை இடம் வாருங்கள்

கோவையிலிருந்து வார இறுதிக்குக் காரை எடுத்துக் கிளம்புகிறவர்களுக்கு இப்போது பிடித்துப்போன ஒரு சுற்று உண்டு. சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, மசினகுடி, ஊட்டி, கோத்தகிரி, மேட்டுப்பாளையம். வரைபடத்தில் பார்த்தால், இந்தச் சாலைகள் எல்லாம் சேர்ந்து மோயாற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றி ஒரு வளையம் போட்டிருக்கும். நீலகிரிக்கு வடக்கே மழை மறைவுப் பகுதியில், முட்காட்டுக்கு நடுவே, சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து கிடக்கும் பள்ளம் அது. வெள்ளைக்காரர்கள் அதை 'மைசூர் டிச்' என்றார்கள். நம் பக்கத்தில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டும் ஒருசில இடங்களில் அதுவும் ஒன்று. கோத்தகிரிக்கு அப்பால் கோடநாடு காட்சிமுனையில் நின்றால் அடிவாரத்துத் தெங்குமரஹடாவும் மோயாறும் கண்ணில் படும்.

சுற்றின் பெரும்பகுதி புலிகள் காப்பகங்களின் ஊடாகப் போகிறது. அங்கே கிலோமீட்டர் கணக்கு உதவாது, கேட் கணக்குதான். பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. திம்பத்தில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் இரவுத் தடை வந்தது. கனரக லாரிகளுக்கு மாலை 6 மணியோடு சரி, கார்களுக்கு 9 மணி. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கு விலக்கு உண்டு. "பத்தே நிமிசந்தானுங்க லேட்டு" என்று திம்பம் அடிவாரத்துப் பண்ணாரி செக்போஸ்ட்டில் கெஞ்சுகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் கெஞ்சுவதற்கு அது இடமில்லை. விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே முதல் யோசனை, திசை. கோயிலை வலம் வருகிறோம். மோயாற்றை இடம் வாருங்கள். விடியற்காலையில் கோவையை விட்டால், பண்ணாரி கேட் திறந்த பிறகு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் பகல் வெளிச்சத்தில் ஏறலாம். பந்திப்பூரையும் முதுமலையையும் மாலைக்குள் தாண்டிவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு மேப் காட்டும் குறுக்கு வழி கல்லட்டி. 36 வளைவுகள், நெஞ்சைப் பிடிக்கும் இறக்கம். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 5 பேர் இறந்தார்கள். 2 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகள் கீழே இறங்க அனுமதியில்லை. இறங்குகிறவர்கள் கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். இடமாகச் சுற்றுகிறவர்கள் கல்லட்டியில் ஏறத்தானே செய்வார்கள்!

கடைசியில் கோத்தகிரி வழியாக இறங்கும்போதும் ஒரு கணக்கு உண்டு. எந்த கியரில் ஏற வேண்டிய சரிவோ, அந்த கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் நாலைந்து வளைவுகளுக்குள் ரப்பர் கருகும் வாடை வரும். அடுத்து மிதிக்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வாடை வந்ததுமே ஓரமாக நிறுத்தி, சூடு தணியும்வரை காத்திருங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'யில் போட்டபடியே இறங்குவது எனக்கு இன்றும் புரியாத துணிச்சல்.

நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கர்நாடகப் பக்கமிருந்து கக்கநல்லா வழியாக வந்தாலும் பாஸ் வேண்டும். அரசு இணையதளத்தில் அது முற்றிலும் இலவசம். 'இ-பாஸ் எடுத்துத் தருகிறோம், இருநூறு ரூபாய்' என்கிறவர்களிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை. வால்பாறை போகிறவர்களுக்கும் 2025 நவம்பர் முதல் இதே ஏற்பாடுதான்.

காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, குரங்குக்கு முறுக்கு நீட்டக் கூடாது. இதெல்லாம் போர்டிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் ஆசனூர் அருகே காராப்பள்ளத்தில் கரும்பு லாரிக்காகக் காத்திருக்கும் யானைகளைப் பார்த்ததும் செல்ஃபோனோடு இறங்குகிறவர்கள் குறையவில்லை. 2025 பிப்ரவரியில் வால்பாறை சாலையில், ரோட்டோரம் நின்ற யானையைத் தாண்டிப் போக முயன்ற ஜெர்மன் நாட்டு பைக் பயணி ஒருவர் உயிரிழந்தார். முன்னாலும் பின்னாலும் மற்ற வண்டிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரனும் ஃபிளாஷும் வேண்டாம். அது போகிற வரைக்கும் அது அதனுடைய ரோடு.

மசினகுடிப் பக்கம் அறை எடுப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாக விசாரிக்க வேண்டும். சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய பல ரிசார்ட்டுகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்றே தீர்ப்பும் வந்தது. அனுமதியில்லாத விடுதியில் தங்கினால் எந்த நேரத்திலும் வெளியேற்றப்படலாம். 'நைட் சஃபாரி' என்று ஜீப்பில் கூட்டிப்போனால், பிடிபடும்போது வண்டிக்காரரோடு நீங்களும் சேர்த்துத்தான். முறையான சஃபாரி என்றால் தெப்பக்காட்டில் வனத்துறை நடத்துவது. முன்பணம் வாங்கிக்கொண்டு அறை தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். கோவையில் வசிப்பவர் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்; கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. விடுதியே போலி, பணம் போன பிறகுதான் தெரிந்தது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். அந்த அழைப்பு சீக்கிரம் போனால்தான் பணத்தை வங்கியில் முடக்க முடியும்.

விபத்து நடந்தால்? தமிழக எல்லைக்குள் எங்கே நடந்தாலும், அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் ஆனாலும், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அப்படித்தான். பந்திப்பூர் பக்கம் என்றால் அது கர்நாடகம். அங்கே 2025 மே மாதம் அறிவித்த மத்திய அரசுத் திட்டம் உண்டு, ஒருவருக்கு 7 நாள் வரை, 1.5 லட்ச ரூபாய்க்குள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவரைப் போலீஸ் பெயர் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு. எல்லையைக் காரணம் காட்டி எஃப்.ஐ.ஆர். போட மறுக்கவும் முடியாது. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆனால் சட்டம் சொல்லும் கெடு 6 மாதம். 'கேஸ் முடியட்டும்' என்று காத்திருக்காதீர்கள்.

இத்தனை உரிமையும் ஒரே ஒரு விஷயத்தில் சிக்கலாகிவிடும். அதுதான் வைட் போர்டு வண்டி. தெரிந்தவரின் சொந்தக் காரை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் கோவை, திருப்பூர், ஈரோடு முழுக்க இருக்கிறது. டாக்ஸியை விட விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. வண்டி நொறுங்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். உள்ளே இருந்தவர்களுக்கான இழப்பீட்டிலும், 'காசு கொடுத்துத்தானே ஏறினார்கள்' என்று வாதாடும். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் சிறையும் உண்டு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் டாக்ஸி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்களே ஓட்டும் வாடகைக் கார். இரண்டும் சட்டப்படி சரி. டாக்ஸி கர்நாடகத்துக்குள் போவதால், அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் போடுவதற்கு முன் வண்டியின் நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், பர்மிட் மூன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வண்டி எடுக்காதீர்கள்.