விண்டோவா, ஐலா? சிறகு நடைவழியான கதை

விமான டிக்கெட் புக் செய்யும்போது வழக்கமாக வரும் கேள்வி, ‘விண்டோ சீட்டா, ஐல் சீட்டா?’ என்பதுதான். விண்டோ தெரியும், ஜன்னல். ஐல் என்றால்? இருக்கை வரிசைகளுக்கு நடுவே போகும் குறுகலான நடைவழி. சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே வண்டி தள்ளிக்கொண்டு போகிறோமே, அதுவும் ஐல்தான். தியேட்டரிலும் தேவாலயத்திலும்கூட இதே பெயர்தான்.

ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு ‘எஸ்’ வரும். ஆனால், அதை யாரும் உச்சரிப்பதில்லை. ‘ஐஸ்ல்’ என்று வாசித்துவிட்டு வகுப்பில் அசடு வழிந்தவர்கள் நிறைய பேர். உண்மையில் அந்தத் தப்பு வாசித்தவர்கள் மேல் இல்லை, சொல்லின் மேல்தான்.

சிறகில் தொடங்கியது

லத்தீனில் ‘ஆலா’ என்றால் சிறகு. பழைய பிரெஞ்சில் அது ‘எலெ’ ஆனது. பெரிய தேவாலயங்களில் நடுக்கூடத்தின் இரண்டு பக்கமும் தூண் வரிசைக்கு அப்பால் நீளமாக ஒரு பகுதி இருக்கும். பறவை சிறகு விரித்ததுபோல் பக்கவாட்டில் நிற்பதால் அதைச் சிறகு என்றே அழைத்தார்கள். 14-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இதுதான் பொருள். அப்போது அதில் ‘எஸ்’ கிடையாது.

‘எஸ்’ எங்கிருந்து வந்தது?

எல்லாம் ஒரு குழப்பத்தால் வந்தது. தீவைக் குறிக்கும் ‘ஐல்’ என்ற இன்னொரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. இரண்டுக்கும் ஓசை ஒன்றாகிப்போக, எழுத்தும் கலந்துவிட்டது. தீவுக்கான சொல்லில், லத்தீன் ‘இன்சுலா’வை நினைவில் வைத்து ‘எஸ்’ போட்டு எழுதினார்கள். அந்த ‘எஸ்’ தேவாலயச் சிறகிலும் வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்து முன்னால் ஓர் ‘ஏ’யும் சேர்த்தார்கள்.

1755-ல் தன் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ‘எஸ்’ போட்டு எழுதுவது சரியாகப் படவில்லை என்று குறிப்பே எழுதினார். ஊர் கேட்கவில்லை. ‘ஐலேண்ட்’ என்ற சொல்லின் கதையும் இதேதான். பழைய ஆங்கிலத்தில் அதில் ‘எஸ்’ இல்லை. தீவுக்கான மற்ற சொல்லைப் பார்த்துப் பின்னாளில் நுழைத்ததுதான்.

பக்கப் பகுதி நடைவழி ஆனது எப்படி?

இங்கே இரண்டாவது குழப்பம். ‘ஆலி’ என்று ஒரு சொல். நம்மூர் சந்துக்குச் சமம். ‘போவது’ என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ஐலும் ஆலியும் கேட்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்ததால், 18-ம் நூற்றாண்டில் ஆலியின் பொருள் ஐலுக்குத் தாவியது. தேவாலய இருக்கைகளுக்கு நடுவே நடக்கும் வழிக்கும் ஐல் என்றே பெயர் வந்தது. அங்கிருந்து தியேட்டர், ரயில், கடை, விமானம் என்று பரவியது.

ஒரு வேடிக்கை. மணப்பெண் ‘ஐலில் நடந்து வருகிறாள்’ என்பார்கள். கட்டடக்கலைக் கணக்கில் அவள் நடப்பது பெரும்பாலும் நடுக்கூடத்தில். ஐல் என்பது பக்கத்தில் இருக்கும் பகுதி. இன்னொன்று, பிரெஞ்சில் விமானத்தின் இறக்கைக்கு இன்றும் அந்தச் சிறகுச் சொல்தான். ஆக, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கையும் உள்ளே நாம் நடக்கும் வழியும் ஒரே வேரில் பிறந்தவை.

வழி மறித்தால் என்ன ஆகும்?

சொல் எப்படி வந்தால் என்ன, அந்த வழி திறந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இந்தியாவில் தியேட்டர் விதிகள் இதைக் ‘கேங்வே’ என்கின்றன. அடியாள் ‘கேங்’ அல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘கேங்’ என்றால் நடை.

1997 ஜூன் 13. தில்லி உப்ஹார் தியேட்டரில் ‘பார்டர்’ படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே வாகன நிறுத்துமிடத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் பற்றிய தீயின் புகை பால்கனிக்கு ஏறியது. அங்கே கூடுதல் இருக்கைகள் போட்டு வலது பக்க வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் இறந்தனர். நாலு டிக்கெட் கூடுதலாக விற்பதற்காக எடுத்துக்கொண்ட இடம், உயிர் தப்புவதற்கான இடம்.

விமானத்திலும் இதே கணக்குதான். 20 பேருக்கு மேல் போகும் விமானங்களில் ஐலின் அகலம் தரையை ஒட்டிக் குறைந்தது 15 அங்குலம், அதற்கு மேலே 20 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. 1983-ல் ஏர் கனடா 797 விமானம் தீப்பற்றித் தரையிறங்கியது. உள்ளே இருந்த 46 பேரில் 23 பேர் பிழைக்கவில்லை. அடர்ந்த புகையில் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியாத நிலை. அதற்குப் பிறகுதான் நடைவழியில் தரையோரம் ஒளிரும் விளக்குகள் கட்டாயமாயின. புகை மேலே திரளும். குனிந்தோ தவழ்ந்தோ போகிறவருக்குக் கீழே இருக்கும் வெளிச்சம்தான் வழிகாட்டி.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில், தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தனர். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. பயணிகள் தங்கள் பைகளை அப்படியே விட்டுவிட்டு நடந்தது பெரிய உதவி. ஒருவர் நின்று மேலே இருக்கும் பெட்டியை இழுத்தால், 20 அங்குல வழியில் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான்.

அடுத்த முறை ஐல் சீட் கிடைத்தால் காலை நீட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால், பையை மட்டும் வழியில் வைக்க வேண்டாம்.