கரடி டப்பாவுக்குள் பத்து நாள்

மலை நடை – 9

போன வாரம் செல்டன் கணவாய் இறங்கி, ம்யூர் டிரெயில் ரான்ச்சின் வேலியோரம் வந்து விழுந்ததோடு நிறுத்தியிருந்தேன். ஜான் ம்யூர் பாதையின் மொத்த நீளம் சுமார் 340 கிலோமீட்டர். அதில் பாதியை நடந்து முடித்திருந்தோம். அதுவரை சோற்றுக்குப் பெரிய கவலை இல்லை. டுவாலமி மெடோஸில் ஒரு கடை, ரெட்ஸ் மெடோவில் ஒரு கடை, வெர்மிலியன் வேலிக்குப் படகேறிப் போனால் ஒரு சாப்பாட்டு விடுதி என்று மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மனித வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. ரான்ச்சுக்குத் தெற்கே அது அடியோடு நின்றுபோகிறது. இங்கிருந்து விட்னி சிகரம் ஏறி அந்தப் பக்கம் இறங்கும் வரை சுமார் 180 கிலோமீட்டர். பாதையில் கடை கிடையாது. குறுக்கே ஒரு சாலை கிடையாது. பத்து நாள் சோறு முதுகில்தான்.

வழியில் கிளை பிரிந்து ஊர்ப்பக்கம் இறங்க முடியாதா என்றால், முடியும். கியர்சார்ஜ் கணவாய் ஏறி ஆனியன் வேலிக்கு இறங்கினால் கார் கிடைக்கும், கார் போகும் இடத்தில் கடை இருக்கும். போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள். அண்ணாச்சிக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை.

“சோறு வாங்கிட்டு வாறதுக்கே ரெண்டு நாள் சோறு வேணும்லா. அதுக்குச் சும்மா நடந்துட்டுப் போயிரலாம்டே.”

அண்ணாச்சியை முதல் வாரமே அறிமுகப்படுத்திவிட்டேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு: கோவில்பட்டிக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், சான் ஹோசேயில் எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். வாய்க்கணக்கில் புலி. பாதை முழுக்க அந்தக் கணக்கோடுதான் எனக்குத் தகராறு.

மூன்று வாரத்துக்கு முன்பே சோற்றைத் தபாலில் அனுப்பியிருந்தோம். அட்டைப்பெட்டி கூடாது. எலி ஓட்டை போட்டுவிடும். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிதான், பெயிண்ட் வருமே அந்த 5 காலன் வாளி. அது லேக்‌ஷோர் என்ற ஊரின் தபால் நிலையத்துக்கு வந்து, ஃபிளாரன்ஸ் ஏரியைப் படகில் தாண்டி, கரடுமுரடு வழியில் ரான்ச்சுக்கு வந்து சேர்கிறது. அதற்கு ரான்ச்காரர்கள் வாங்கும் கட்டணம் உள்ளே இருக்கிற அரிசி, பருப்பு விலையைவிட அதிகம். குறை சொல்ல மாட்டேன். என் வாளியை நானே அங்கே சுமந்து வர வேண்டும் என்றால் இரண்டு மடங்கு கொடுத்திருப்பேன்.

ரான்ச் முற்றத்தின் மேஜைகளில் பத்துப் பதினைந்து பேர் வாளியைக் கவிழ்த்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கரடி டப்பா. எல்லார் முகத்திலும் ஒரே கவலை: உள்ளே போகுமா?

இந்தச் சியெரா மலையில் இப்போது கருங்கரடி மட்டும்தான். கலிஃபோர்னியாக் கொடியில் நிற்கிறதே கிரிஸ்லி, அது 1920களிலேயே அந்த மாநிலத்தில் இல்லாமல் போய்விட்டது. கருங்கரடி ஆளைத் தேடி வராது, சோற்றைத் தேடி வரும். முன்பெல்லாம் சோற்று மூட்டையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். தாய்க்கரடி குட்டியைக் கிளைமேல் ஏற்றிவிட்டுக் கீழே காத்திருக்கப் பழகிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் கெட்டி பிளாஸ்டிக் டப்பா. கரடியால் கடிக்கவும் முடியாது, கவ்வித் தூக்கவும் முடியாது, உருட்டத்தான் முடியும். எங்களுடையது 11.5 லிட்டர் கொள்ளும். காலி எடையே 1.16 கிலோ. நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலையில் இருந்த சின்னப் பெண்கரடி ஒன்று இதே மாதிரி டப்பாவைத் திறக்கப் படித்துவிட்டது. அடையாளத்துக்கு மாட்டிய மஞ்சள் பட்டைகளால் அதற்கு யெல்லோ-யெல்லோ என்று பெயர். அதற்காகவே மூடியில் இரண்டாவது பூட்டுப்பல் வைத்தார்கள். அதையும் திறந்துவிட்டது. அந்தப் பல்லைத் திறக்க எனக்குத் தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஆனது.

நாள் ஒன்றுக்கு ஓர் ஆளுக்கு 800 கிராம் என்பது நாங்கள் போட்ட கணக்கு. பத்து நாளைக்கு 8 கிலோ. எடை முதுகின் பிரச்சினை, எப்படியாவது தூக்கிவிடலாம். டப்பாவுக்கு எடை தெரியாது, இடம்தான் தெரியும். ஒரு கிலோ கெட்டி அவல் கிட்டத்தட்ட மூன்று லிட்டரை அடைத்துக்கொள்கிறது. அதையே மிக்ஸியில் ரவையாகப் பொடித்தால் பாதி இடம். சத்துமாவை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி வைத்தால் செங்கல் மாதிரி உட்காரும். முறுக்கு, மிக்சர் பக்கமே போகக்கூடாது. காற்றைச் சுமக்கிற பண்டங்கள். கடையில் வாங்கிய பாக்கெட் எல்லாம் அந்த உயரத்தில் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தன. அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஊக்கை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு குத்து குத்தி, காற்றைப் பிதுக்கி, ஓட்டைமேல் டேப் ஒட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த அமெரிக்கப் பெண்மணி அந்த ஊக்கைக் கடன் கேட்டு வாங்கினார். அரைமணி நேரத்தில் அது முற்றத்தைச் சுற்றி வந்துவிட்டது.

உள்ளதிலேயே உத்தமம் நெய். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவிலும் சர்க்கரையிலும் 4. திருகுமூடி பாட்டிலில் ஆளுக்கு 400 கிராம் நெய் எடுத்திருந்தோம். ஒரு பாட்டிலுக்குள் ஒரு நாள் சோறே இருக்கிறது. சத்துமாவில் ஒரு கரண்டி, பருப்புப்பொடியில் ஒரு கரண்டி, ராத்திரி குளிர் அதிகமானால் வெந்நீரில் ஒரு கரண்டி. கடைசியாகச் சொன்னதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

அமுக்கினோம், குலுக்கினோம், முழங்காலால் அழுத்தினோம். மூடி இரண்டு விரற்கடை தூக்கியே நின்றது. முற்றத்து மூலையில் ரான்ச்சின் பெயர்பெற்ற பொதுவாளிகள் வரிசையாக இருந்தன. வேண்டாததைப் போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது. ஓட்ஸுக்கு ஒன்று, உலர்ந்த சாப்பாட்டுக்கு ஒன்று, தின்பண்டக் கட்டிக்கு ஒன்று, பற்பசை சோப்புக்கு ஒன்று எனத் தனித்தனி வாளி. ஓட்ஸ் வாளி விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. அதைக் கையால் தொடுவார் இல்லை. வீட்டில் இருக்கும்போது எல்லாருக்கும் ஓட்ஸ் நல்ல யோசனையாகத்தான் படும். பத்து நாள் காலையில் அதையே தின்றபிறகு பாக்கெட்டைப் பார்த்தாலே குமட்டும். கட்டுகிற வயிறு வேறு, நடக்கிற வயிறு வேறு. ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்கு உதவாது. அதைவிட மோசம், பாதி தூரம் நடந்த வயிறு மீதிப் பாதிக்குச் சொல்கிற யோசனை. அதைத்தான் நான் கேட்டேன்.

எங்கள் இருவர் வாளியிலும் சேர்த்து ஒன்றரைக் கிலோ கோவில்பட்டி கடலைமிட்டாய் இருந்தது. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே சரக்கு. அண்ணாச்சியின் மச்சினர் ஊரிலிருந்து கொண்டுவந்தது. முதல் பாதியில் தினம் நான்கு துண்டு தின்றிருந்தேன். எனக்கு அந்த வெல்ல வாசனையே திகட்டியது. துண்டு துண்டாக இருப்பதால் இடுக்கு விழுகிறது, இடம் வீணாகிறது என்று காரணமும் கண்டுபிடித்தேன்.

“அண்ணாச்சி, இதுல முக்கால் கிலோவை விட்டுட்டுப் போயிரலாம். மூடி மூடிரும்.”

“ஏலே, அவலை விடு. மிட்டாயை விடாத. கடலையில எண்ணெ இருக்கு, கலோரி இருக்கு. அவல்ல என்ன இருக்கு சவம்?”

“திகட்டுது அண்ணாச்சி.”

“இன்னைக்குத் திகட்டும்.”

கணக்கு அவர் பக்கம்தான். 100 கிராம் அவலில் 350 கலோரி என்றால் கடலைமிட்டாயில் 500ஐ ஒட்டி வரும். ஆனாலும் அன்றைக்கு நான் பிடிவாதமாக இருந்தேன். அவர் டப்பாவுக்குள் அவர் பங்கு எப்படியோ போய்விட்டது. என் பங்கு முக்கால் கிலோ பொதுவாளிக்குப் போனது. என் மூடி டக்கென்று பூட்டிக்கொண்டது.

எவர் பெயரில் இந்தப் பாதை இருக்கிறதோ அவரே சோற்றுக் கணக்கில் மாட்டியவர்தான். 1869இல், இந்த மலையில் தான் கழித்த முதல் கோடையில், ஜான் ம்யூர் வந்தது ஆடு மேய்க்க. டிலேனி என்பவருடைய இரண்டாயிரம் ஆடுகளோடு போனார். ஜூலை மாதத் தொடக்கத்தில் மாவு தீர்ந்துவிட்டது. சரக்கு கொண்டுவர வேண்டியவர் வரவில்லை. சுற்றிலும் ஆட்டுக்கறி, எத்தனை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் ரொட்டியில்லாமல் வெறும் கறி உள்ளே இறங்காமல், வயிறு கெட்டு, சோர்ந்து கிடந்திருக்கிறார். ரொட்டியும் தேயிலையும் இருந்தால் மலைமலையாகத் திரிகிற மனிதர், அந்த நாட்களை ரொட்டிப் பஞ்சம் என்றே எழுதி வைத்திருக்கிறார். அழகைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களைவிட அந்த நாலைந்து பக்கம்தான் எனக்கு மனப்பாடம்.

முதல் மூன்று நாள் சோறு ஒரு சுமை மட்டும்தான். மூட்டை 19 கிலோ. எவல்யூஷன் ஓடையைச் செருப்போடு இறங்கிக் கடந்தபோது மூட்டை என்னைத் தண்ணீரின் போக்கிலேயே தள்ளியது. சாயங்காலம் டப்பாவைக் கவிழ்த்து முக்காலியாக்கி உட்கார்ந்துகொள்வோம். படுக்கும் முன் கூடாரத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, பாறைச் சந்தில் செருகிவைத்துவிட்டு வரவேண்டும். தின்பதைவிடத் தூக்குவது அதிகம் என்று அப்போது அலுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் 11,955 அடி உயர ம்யூர் கணவாயில் இருக்கிற கல்குடிசைக்குள் உட்கார்ந்து பகல் சோறு. 1930இல் கட்டியது. ஒரு மரமில்லை, ஒரு புதரில்லை, வெறும் கல். அடுக்கிய கற்களிலேயே சுவரும் குவிந்த கூரையும்.

அங்கே ஒரு தவறு செய்தேன். கையளவு சிறுபருப்பு கொண்டுவந்திருந்தேன், ஒரு நாள் சூடாகப் பருப்பு வைத்துச் சாப்பிடலாம் என்று. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் வேகாது. நாற்பது நிமிடம் கேஸ் எரித்தபிறகும் பருப்பு பல்லில் கல்லாகக் கடிபட்டது. பத்தாயிரம் அடிக்கு மேலே இந்தப் பகுதியில் விறகு மூட்டவும் கூடாது, எரிந்த கேஸ் எரிந்ததுதான். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் அந்தத் தண்ணீரில் பொடித்த அவலைக் கொட்டிக் கிளறி, நெய்யும் புளிக்காய்ச்சலும் விட்டு, கல்லும் சோறுமாக எனக்கே முதல் பங்கைப் போட்டார்.

பசி ஐந்தாம் நாள் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் சாப்பாட்டு நேரம். இது வேறு. பேலிசேட் ஓடையிலிருந்து ஏறுகிற செங்குத்துக்குத் தங்கப் படிக்கட்டு என்று பெயர். பாதையிலேயே கடைசியாகக் கட்டி முடித்த பகுதி, 1938இல்தான் முடிந்தது. பாறையில் வளைந்து வளைந்து ஏறும்போது கால் நடுங்கியது, காது அடைத்தது. மேலே போய்ச் சத்துமாவைக் கரைத்துக் குடித்தேன். அடங்கவில்லை. இன்னொரு பங்கு குடித்தேன். அது ஆறாம் நாளின் பங்கு. அதன்பிறகு எங்கள் பேச்சில் மலை இல்லை, ஏரி இல்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் புரோட்டாவுக்கு ஊற்றுகிற சால்னா, அதில் மிதக்கிற கறிவேப்பிலை, அந்தக் கடையில் இரண்டாவது முறை சால்னா கேட்டால் முறைக்கிற ஆள் — மேதர் கணவாயிலிருந்து பின்சோட் கணவாய் வரை அண்ணாச்சி இதையே சொல்லிக்கொண்டு நடந்தார். இருபது வருஷத்துக்கு முன் பாதியில் விட்டுவிட்டு எழுந்த ஒரு ஊத்தப்பத்தை நினைத்து நான் நிஜமாகவே வருத்தப்பட்டேன்.

ஆறாம் நாள் ராத்திரி உட்ஸ் கிரீக் தொங்குபாலத்தடியில் தங்கினோம். அங்கே தரையில் இறக்கிய பெரிய இரும்புப் பெட்டி இருக்கிறது, கரடி திறக்க முடியாதது. இங்கிருந்து தெற்கே அங்கங்கே இப்படிப் பெட்டிகள் உண்டு. டப்பாவில் அடங்காத சோறு இருந்தால் அதில் வைக்கலாம். ஆனால் இங்கே வந்து சேரும்போது யாரிடமும் அடங்காத சோறு இருப்பதில்லை. என் டப்பாவை ஆட்டினால் உள்ளே பொட்டலங்கள் இடம்வலமாக ஓடின. நான்கு நாளைக்கு எண்ணிப் பார்த்தேன்: அவல், அவல், பருப்புப்பொடி, அரைப் பாட்டில் நெய், அவல். இனிப்பு என்று எதுவும் இல்லை. அண்ணாச்சி பங்கில் மிட்டாய் மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. அவரும் முடித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. கேட்டால் கொடுக்க இல்லையே என்று அவர் பேச்சே எடுக்கவில்லையாம்.

மறுநாள் ரே ஏரிகளைக் கடந்து கிளென் கணவாய் ஏறினோம். உச்சி ஒரு கத்தி விளிம்பு மாதிரி, பத்துப்பேர் வரிசையாக உட்காரலாம். ரான்ச்சிலிருந்து எங்களுக்கு இரண்டு நாள் பிந்திக் கிளம்பி அன்றைக்கு எங்களைப் பிடித்துவிட்ட ஒரு கல்லூரிப் பையன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான். காலை நீட்டிப்போட்டு, எதையோ ரசித்துக் கடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் மூச்சுவாங்கி உட்கார்ந்ததும், “இது வேண்டுமா? ரான்ச்சில் பொதுவாளியில் கிடந்தது. என்ன என்று தெரியவில்லை, ஆனால் இந்தப் பாதையில் நான் தின்றதிலேயே இதுதான் முதலிடம்” என்று ஒரு பாக்கெட்டை நீட்டினான்.

அண்ணாச்சி ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, பாக்கெட்டைத் திருப்பி, தமிழில் அச்சடித்திருந்ததை நிதானமாக வாய்விட்டு வாசித்தார். கடைத்தெரு, ஊர், பின்கோடு வரைக்கும். பையன் வாயைப் பிளந்து கேட்டான். பிறகு அண்ணாச்சி பாக்கெட்டை என்னிடம் நீட்டாமல் அவனிடமே கொடுத்தார்.

“அந்தத் தம்பிக்கு இது திகட்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

(தொடரும்)