'விலகு' பட்டனை அழுத்துகிறவரும் பயனர்தான்

ஏஜிபிஎல் என்னும் திறமூல மென்பொருள் உரிமத்தை மீறியதாக முதன்முறை நோட்டீஸ் வந்தால், கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட வேண்டும், உரிமம் பிழைத்துக்கொள்ளும். இந்த உரிமத்தைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் ஒன்று மயிலாடும்பாறையிலிருந்து: "லிஸ்ட்மாங்க் நிரலில் கை வைத்து விலைப் பட்டியல் சேர்த்திருக்கிறேன். தினமும் தேங்காய் விலையை வியாபாரிகளுக்கு மெயிலில் அனுப்புகிறேன். மென்பொருளை யாருக்கும் கொடுக்கவில்லை. பிறகெதற்கு மூல நிரல்?"

மெயில் பட்டியல் மென்பொருளான லிஸ்ட்மாங்க் நம் பெங்களூருச் சரக்குதான், ஏஜிபிஎல் உரிமத்தில் வருவது. பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதாவின் கைலாஷ் நாத் எழுதியது. "யாருக்கும் கொடுக்கவில்லை" என்ற பதில், மென்பொருளைக் கைமாற்றினால் மட்டுமே மூல நிரல் கேட்கும் ஜிபிஎல் உரிமத்தில் செல்லும். சர்வரில் ஓடும் மென்பொருள் கைமாறுவதே இல்லையே! அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 2007 நவம்பரில் வெளியான ஏஜிபிஎல் 3-இன் 13-வது பிரிவு. நிரலை மாற்றியிருக்க வேண்டும், இணையம் வழியாக யாராவது அதனோடு ஊடாட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அவருக்கு மூல நிரலைப் பெற வழி காட்டியாக வேண்டும். மாற்றாமல் ஓட்டுகிறவருக்கு இந்தப் பிரிவில் வேலையில்லை.

யார் ஊடாடுகிறார்? மெயிலைப் படிக்கும் வியாபாரி சர்வரைத் தொடவில்லை. விலை பிடிக்காமல் அடியிலுள்ள 'விலகு' இணைப்பை அழுத்துகிறார்; சர்வர் ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. கோரிக்கை போனது, பதில் வந்தது. என் வாசிப்பில் அந்த நொடியில் அவர் பயனர். போகிற வாடிக்கையாளருக்குத்தான் உரிமை பிறக்கிறது! அந்தப் பக்கத்திலேயே நிரலுக்கான இணைப்பு பளிச்சென்று தெரிய வேண்டும்.

உறுத்துவது வேறு. கொடுத்த நிரலும் ஓடும் நிரலும் ஒன்றுதானா? இதே உரிமத்திலுள்ள மாஸ்டடான் நிரலில் கட்டிய ட்ரம்ப்பின் சமூக வலைத்தளம் ட்ரூத் சோஷியல், மூல நிரலைத் தரவில்லை என்று 2021 அக்டோபரில் எதிர்ப்பு கிளம்பிய பிறகு நவம்பரில் ஒரு ஜிப் கோப்பை வெளியிட்டது. சர்வரில் ஓடுவது அதுதான் என்று வெளியிலிருந்து யார் சரிபார்ப்பது? நம் அரசும் 2020 மே 26 அன்று கொரோனாத் தொடர்புகளைத் தடமறியும் ஆரோக்கிய சேது செயலியைத் 'திறந்துவிட்டதாக' அறிவித்தது; வந்தது ஆண்ட்ராய்டு செயலியின் நிரல். தகவல் போய்ச்சேரும் சர்வரின் நிரல் அன்று வரவில்லை. அங்கே உரிமக் கட்டாயமும் இல்லை.

மற்ற கேள்விகள்:

வியாபாரிகள் பட்டியலையும் தர வேண்டுமா? வேண்டாம், அது தரவு.

நிரலுக்குக் காசு? கேட்கக் கூடாது, சேவைக்கு வாங்கலாம்.

கிட்ஹப்பில் போடணுமா? கட்டாயமில்லை, இணையத்தில் இறக்கிக்கொள்ள முடிந்தால் போதும்.

போன வருஷத்து வெர்ஷன்? செல்லாது. இன்று ஓடுவது எதுவோ அதன் நிரல்.