அத்தை ஏன் பாட்டை நிறுத்தச் சொன்னார்?

எங்கள் வீட்டில் பொழுது விடிந்தால் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம்தான். 1963-ல் இசைத்தட்டாக வந்ததை என் மாமியார் 50 வருஷமாகக் கேட்டு வருகிறார். முதலில் ரேடியோ, பிறகு காஸெட். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரி செய்வதும் அவரேதான். போன வருஷம் என் மகன் கைக்கு அடக்கமாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி, செல்போனிலிருந்து பாட வைத்தான். இரண்டாம் நாளே அத்தை, "நிறுத்தும்மா அதை, காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை ஆசையாக வாங்கியது ஆயிற்றே! "வயசானா எல்லாமே குத்தமாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அதோடு அவர் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். காலையில் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

பொங்கலுக்கு என் தம்பி வந்தான். ஊரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவன். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "முதல் குத்தம் பாட்டுலதான் இருக்கு அக்கா" என்றான்.

ஸி.டி. 1982-ல் வந்தது. ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக வைப்பார்களாம். அதில் குறை இல்லை. அதைச் செல்போனுக்காகச் சுருக்கும்போதுதான் வினை. 128 கிலோபிட் எம்.பி.3 என்றால் ஸி.டி.யில் இருப்பதில் 11-ல் ஒரு பங்குதான். காது கவனிக்காததைத்தான் தள்ளுகிறார்கள் என்றாலும், ஒருவர் சுருக்கியதை இன்னொருவர் மறுபடி சுருக்கினால் சுருதி தண்ணீர் போலச் சலசலக்கும். 'ச', 'ஷ' எல்லாம் சீறும்.

சத்தத்தைக் கூட்டுவது இன்னொரு கொடுமை. படியில் அரிசி அளந்து தலை தட்டுவோமே, அதுபோல எண் கணக்கில் உச்சத்துக்கு மேலே போன ஒலி தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். பழைய நாடாவிலும் சத்தம் மிஞ்சினால் கெடும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். இது கத்திரித்த தகரம் போலக் கீறும். 2008-ல் மெட்டாலிகா என்ற அமெரிக்கக் குழுவின் ஆல்பத்தை இப்படிச் சத்தம் கூட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று அதன் ரசிகர்களே கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். அத்தைக்கு எத்தனை பேர் துணை பாருங்கள்!

காது டாக்டரிடமும் காட்டினோம். வயதானவர்களுக்கு மெல்லிய ஒலி எட்டாது, கொஞ்சம் கூடினாலோ ஒரேயடியாக அறையும் என்றார். நானோ, கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டித்தானே வைத்தேன்.

பரணில் கிடந்த மாமாவின் ஸி.டி.யிலிருந்து தம்பி அதிகம் சுருக்காமல் புதிதாகப் பதிந்து கொடுத்தான். சமையலறையில் எவர்சில்வர் பாத்திர அலமாரிக்கு அடியில் இருந்த ஸ்பீக்கரைக் கூடத்து மர ஸ்டூலுக்கு மாற்றினோம். போனில் 'ட்ரெபிள்', 'பூஸ்ட்' என்று மகன் ஏற்றி வைத்திருந்ததை எல்லாம் இறக்கி, சத்தத்தைப் பாதியாக்கினோம். கைக்குழந்தை உள்ள சகோதரிகள் தொட்டிலுக்குள் போனை வைத்துத் தாலாட்டுப் போடாதீர்கள், தள்ளி வையுங்கள். குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மறுநாள் விடியற்காலை அத்தை கண்ணை மூடிக் கேட்டார். பாதியில், "இப்பத்தாம்மா பின்னாலே சுருதி கேக்குது" என்றார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. காபி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, பாட்டு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.